மெழுகு நூல்

காம்போ எலியாஸ் பிடிபட்டதற்குக் காரணம் ஒரு போலீஸ்காரனின் பசி. குவாஸ்காவிலிருந்து போகோட்டாவுக்குப் போகும் காலைப் பேருந்தை மலை வளைவில் நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். காம்போவின் மடியில் இலையில் சுற்றிய ஒரு பாலாடைக்கட்டி. காலையில் எதுவும் சாப்பிடாத ஒருவன் குனிந்து, ஒரு துண்டு கொடேன் என்று கேட்டான். வேறு யாராக இருந்தாலும் ஓரத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். இவன், கெட்டுப்போச்சுங்க, சாப்பிட முடியாது என்றான். கெட்டுப்போனதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவன் தலைநகரம் போவான். போலீஸ்காரன் கத்தியை நடுவில் இறக்கினான். கத்தி எதிலோ இடித்தது.

உள்ளே ஒரு துன்ஹோ இருந்தது. விரல் நீளப் பொன் பொம்மை. உடம்பு தகடு மாதிரி தட்டையாக இருக்கும். கண், மூக்கு, வாய், கை, கழுத்துமணி எல்லாம் அந்தத் தகட்டின் மேல் மெல்லிய கம்பி ஓடியது போல் தெரியும். ஸ்பெயின்காரன் வருவதற்கு முன்னால் எங்கள் மேட்டில் வாழ்ந்தவர்கள் பானைக்குள் போட்டுக் காணிக்கையாகப் புதைத்தவை. உருளைக்கிழங்கு தோண்டும்போது எப்போதாவது மண்வெட்டியில் தட்டுப்படும். கிடைத்தால் அரசாங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்படைத்ததில்லை.

"இது பழசு இல்லீங்க. என் மதினி செஞ்சது. கடைக்குக் கொண்டுபோறேன்" என்றான் காம்போ.

"பாலாடைக்கட்டிக்குள்ள வெச்சா?"

"திருட்டு பயம்."

பேருந்தில் எல்லோரும் சிரித்தார்களாம். அவனை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மதினி செய்தது என்று அவன் சொன்னது நம்பக்கூடிய பொய்தான். அவன் அண்ணன் மிசாயேலும் அண்ணி எர்சிலியாவும் என் மேய்ச்சல் நிலத்துக்கு அடுத்த வீடு. பதினைந்து வருஷமாக அவர்கள் துன்ஹோ மாதிரியே நகை செய்கிறார்கள். தொங்கட்டான், மூக்கு வளையம், தவளை, மார்பில் குத்துகிற ஊசி. ஏரிக்கரைக் கடைகளில் பயணிகள் வாங்கிக்கொண்டு போவார்கள். எர்சிலியா மெழுகில் உருவம் செய்வாள். மிசாயேல் அதற்குக் கரித்தூள் கலந்த களிமண்ணைக் குழைத்துப் பூசுவான், மேலே முரட்டு மண்ணால் ஒரு பூச்சு. எங்கள் குளிரில் அது காய ஒரு வாரம் ஆகும். பிறகு உலையில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் பொன்னும் செம்பும் கலந்த குழம்பை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஒரு அச்சில் ஒன்றுதான். பழைய ஆட்கள் செய்த அதே முறை என்று கடைக்காரன் பலகை எழுதி வைத்திருந்தான். பெரும்பாலும் உண்மை.

அந்த வியாழக்கிழமை நான் பால் கொடுக்கப் போனபோது இருவரும் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. சனிக்கிழமை எர்சிலியா வர வேண்டும். தலைநகரிலிருந்து தொல்பொருள் அதிகாரி ஒருத்தி வருகிறாள். பொம்மை யார் செய்தது என்று எர்சிலியா சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

"நீ செஞ்சதுன்னு சொல்லிடு. அதுல என்ன போச்சு" என்றான் மிசாயேல்.

"நான் அத கண்ணால கூடப் பாக்கல."

"பாத்தாதான் என்ன. நீ செய்யறதுதான அதெல்லாம். கணக்கில்லாம செஞ்சிருக்க. அதுல ஒண்ணு."

"உங்க தம்பி எங்க தோண்டினானாம்?"

"தோண்டல. கெழங்குக்கு மண் வெட்டினான், வந்துச்சு."

"வந்தது கட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"

மிசாயேல் கத்தியைக் கீழே வைத்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "எர்சிலியா, எங்க அம்மா செத்தப்ப அவனுக்கு நாலு வயசு. கெழங்கு மூட்டையையும் அவனையும் ஒரே ருவானாக் கம்பளிக்குள்ள வெச்சுச் சந்தைக்குச் சுமந்திருக்கேன். அவன ஜெயில்ல போய்ப் பாக்கறதுக்கு எனக்குக் காலு வராது."

"நான் சொல்லமாட்டேன்னு எப்ப சொன்னேன்" என்றாள் அவள். "சொல்றேன். அண்ணே, நீங்க சனிக்கிழமை வண்டி எடுப்பீங்களா?"

நான் எடுப்பேன் என்றேன். அடுப்பில் சோளக் குருணையும் முட்டைக்கோஸும் கொதித்துக்கொண்டிருந்தன. ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சனிக்கிழமை பால் வண்டியின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். எர்சிலியா நடுவில். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை ஒப்பித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் என்று பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அலுவலகம் ஒரு சின்ன அறை. வக்கீல் சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். தலைநகரத்து அதிகாரி நாற்பது வயதுக்காரி. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். மூலையில் காம்போ விலங்கோடு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் கல்யாண வீட்டில் வரவேற்பது மாதிரி தலையாட்டினான். மிசாயேலும் நானும் கதவோரம் நின்றுகொண்டோம்.

டாக்டரம்மா விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். "மண்ணு ஒட்டியிருந்தா நான் பாத்தவுடனே சொல்லியிருப்பேன். இந்த ஆளு எலுமிச்சையும் பிரஷும் போட்டு நல்லா தேய்ச்சுட்டான். சோதனைச்சாலைக்கு அனுப்பினா ஒரு வருஷம் வரிசைல நிக்கணும். நீங்க இந்த வேலை செய்யறவங்க. நீங்க செஞ்சதுன்னு எழுத்துல கொடுத்தா வக்கீலய்யா ஏத்துக்குவார். பொருளும் உங்களுக்கே வந்துரும்."

பொம்மையை ஒரு துணியில் வைத்து நகர்த்தினாள். கூடவே ஒரு பூதக்கண்ணாடி.

எட்டிப் பார்த்தேன், அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஒரு கண் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. உலோகம் ஓடாமல் விட்டுப்போயிருக்கிறது. குழம்பு ஊற்றிய வாய்க்கால் மிச்சத்தைக்கூடக் காலடியில் வெட்டவில்லை. எர்சிலியா இப்படி ஒன்றைக் கடைக்குக் கொடுத்தால் கடைக்காரன் முகத்தில் வீசுவான். இதைத் தன்னுடையது என்று சொல்ல அவள் கூச்சப்பட வேண்டியிருக்குமே தவிர, வேறு கஷ்டம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எர்சிலியா கையில் எடுத்தாள். கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். வக்கீல் இரண்டு தடவை மூக்கைச் சிந்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் பக்கம் எழுந்து போய் அங்கே வைத்தும் பார்த்தாள்.

"இந்தக் கம்பியெல்லாம் எப்படிச் செய்வீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"மெழுகு நூல்தான். தகட்டு மெழுகு மேல ஒட்டணும்."

"கையால உருட்டுவீங்களா?"

"பல் டாக்டருங்களுக்குச் சாமான் விக்கிற கடைல சுருளா கெடைக்கும். அத வாங்குவேன்."

"இதுவும் அதுதானா?"

"இல்ல. இது கையால உருட்டினது."

"அப்ப நீங்களே உருட்டினீங்களா?"

எர்சிலியா பொம்மையைத் துணியின் மேல் வைத்தாள். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"இல்ல டாக்டரம்மா. நான் உருட்டல. இது நான் செஞ்சது இல்ல."

காம்போ தலையை நிமிர்த்தினான். 

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் வக்கீல்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். வேற மாதிரி சொல்லணும்னு யோசிச்சுட்டு வந்தேன்" என்றாள்.

திரும்பும்போது கோயில் வளைவில் நிறுத்தச் சொல்லி மிசாயேல் இறங்கிக்கொண்டான். மழையில் வீடுவரை நடந்தே வந்தான்.

அதற்குப் பிறகு அவன் உலையை மூட்டவில்லை. களிமண் குழைக்கவில்லை. கிழங்கு அறுவடைக்குக் கூலிக்குப் போனான். காலையில் அவள் பாலில் முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவான், இருட்டுவதற்குள் வந்து படுத்துவிடுவான். உப்பு, தண்ணி, துண்டு, இவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. எர்சிலியா அவள்பாட்டுக்கு மெழுகில் தவளைகளைச் செய்து பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதற்கு ஆளில்லாமல் நாற்பது தவளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மண்ணிலிருந்து கிடைத்த ஏதாவது ஒன்று பெட்டியில் இருந்தது.

நீதிபதி இரண்டரை வருஷம் கொடுத்தார். முதல் குற்றம் என்பதால் ஜெயிலில் இல்லை, வீட்டுக்காவல். காம்போவுக்கு வீடு கிடையாது. சந்தையூரில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான், அந்த வீட்டுக்காரி போலீஸ் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். எந்த வீடு என்று கேட்டபோது அவன் அண்ணன் வீட்டைச் சொன்னான். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எர்சிலியாவும் போட்டாள்.

"ஏண்டி போட்ட?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒரு தட்டு கூட வெக்கணும். அவ்வளவுதான்."

காம்போவின் கணுக்காலில் கறுப்புப் பட்டை ஒன்றைப் பூட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று அது தலைநகரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்குமாம். தெற்கே கோழிக்கூண்டு, வடக்கே தண்ணீர்த் தொட்டி, அதற்குமேல் கால் வைத்தால் கத்தும். தினமும் இரண்டு மணி நேரம் அதற்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். வீட்டுச் சுவரில் இருந்த சொருகிகள் எல்லாம் ஈரத்தில் ஆடிப்போனவை. உறுதியாகப் பிடிக்கிற ஒரே சொருகி பட்டறையில் இருந்தது. அதில்தான் உலைக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தையும் மாட்ட வேண்டும்.

மிசாயேல் அதற்குள் மறுபடி உலை மூட்ட ஆரம்பித்திருந்தான். தம்பி வீட்டுக்கு வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. ஆனாலும் எர்சிலியாவோடு பேசியது உலை விஷயம் மட்டும்தான்.

சொருகிக்காக நடக்கும் சண்டையை நான் பால் ஊற்றும் நேரத்தில் தினமும் கேட்பேன்.

"மதினி, எனக்கு செவப்பு வெளக்கு வந்துருச்சு."

"இரு. உலை செவக்கிற நேரம்."

"இது அணைஞ்சா போலீஸ் வரும்."

"வரட்டும். உள்ள ஒரு பாலாடைக்கட்டி இருக்கு. வெட்டிக் குடுக்கலாம்."

மிசாயேல் கரியைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கடைசியில் காலையில் உலைக்கு, மதியம் காம்போவின் காலுக்கு என்று ஏற்பாடாயிற்று. வயர் நீளமில்லை. எர்சிலியாவின் வேலைப் பலகைக்கு எதிரே முக்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, தொழுவத்தில் கட்டிய மாடு மாதிரி இரண்டு மணி நேரம் அவன் உட்கார வேண்டும். முதல் மாதம் இருவரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வெளியே பனிமூட்டம் இறங்கும், ஏறும். இரண்டாவது மாதம் அவன்தான் ஆரம்பித்தான்.

"ஒரு வார்த்தைதான மதினி. செஞ்சேன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா அத என்கிட்ட குடுத்திருப்பாங்க."

"நல்லதுதான. நீங்க எனக்குத் தந்திருப்பீங்க."

"தந்திருக்கமாட்டேன்."

"பின்ன? உருக்கியிருப்பீங்களா?"

"ஆணில மாட்டியிருப்பேன். கடைக்காரன் வந்து, ஏம்மா இது நீ செஞ்சதாமே, இதே மாதிரி இன்னொண்ணு செய்யின்னு கேட்டிருப்பான். நான் என்னத்தச் செஞ்சு குடுப்பேன்?"

"அதுக்கு ஒரு கண்ணே இல்ல. அப்படி என்னத்தக் கண்டீங்க அதுல?"

"கண்ணு வரல. நானா இருந்தா உடைச்சு உருக்கி மறுபடி ஊத்துவேன். அத செஞ்ச ஆளு பாத்துட்டு, சரி போகட்டும்னு பானைல போட்டிருக்கு. அத விடு. அந்த நூல பாத்தியா நீ?"

"நான் எதுக்கு நூல பாக்கறேன். எடைய பாத்தேன்."

"இந்தா, இது கடை நூல்." பலகையிலிருந்து ஒரு சுருளை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "இதுல பாதி தடிமன்தான் அது. ஒரு எடத்துல கூட மெலியல, தடிக்கல. தலையில ரெண்டு நூல முறுக்கிக் கயிறு மாதிரி சுத்தியிருக்கு. கழுத்துக்கிட்ட ஒரு முனைய வெரலால அழுத்தி ஒட்டினது, வெரல் ரேகை விழுந்திருக்கு. அந்த ஆளு கை தெரியுது. அத எப்படி என் கைன்னு சொல்றது?"

"நீங்களும் உருட்ட வேண்டியதுதான."

"உருட்டாமலா இருந்தேன். அன்னைக்குத் திரும்பி வந்ததுலருந்து உருட்டறேன். சாண் நீளத்துக்கு மேல போகமாட்டேங்குது. எனக்குச் சூட்டுக் கை. மெழுகு இளகி அறுந்துருது."

காம்போ ஒரு மெழுகு உருண்டையை எடுத்து, சும்மா, தொடையில் உருட்டினான். அது புழு மாதிரி வந்தது. எர்சிலியா பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடு" என்றாள்.

அவனுக்கு வேறு வேலையில்லை. கோழிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் எத்தனை தடவை நடப்பது. மறுநாளும் உருட்டினான். வழவழப்பான பலகையைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் உருட்டச் சொல்லி அவள் காட்டிக்கொடுத்தாள். தேனடை மெழுகில் எவ்வளவு பிசின் சேர்ப்பது என்று சண்டை போட்டார்கள். பிசின் அதிகமானால் ஒடியும், குறைந்தால் தொய்யும். ஊரில் கிழங்கு நட்டு, மண் அணைத்து, தோண்டி, மறுபடி நட்டார்கள். காம்போ பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டு உருட்டினான்.

இருபது வருஷம் மண்வெட்டி பிடித்த கை அவனுடையது. விரல்களின் தோல் காய்த்து, குதிரைக் குளம்பு மாதிரி இருக்கும். சுடுகிற கிழங்கைச் சாம்பலிலிருந்து வெறுங்கையால் எடுப்பான். அந்தத் தோலில் சூடு ஏறவும் ஏறாது, அதிலிருந்து சூடு இறங்கவும் இறங்காது. மெழுகு அவன் விரலுக்குக் கீழே குளிர்ந்தே இருந்தது. இது அவர்கள் இருவருக்கும் ஒரே நாளில் புரிந்த விஷயமல்ல. ஒரு நாள் நூல் இரண்டு சாண் வந்தது. பின்பு ஒரு மாதம் அறுந்துகொண்டே இருந்தது. இரண்டாவது வருஷம் பனி அதிகமாக விழுந்த ஜனவரியில், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நூல் கிடந்தது.

எர்சிலியா கடை நூலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். கரி உடைத்துக்கொண்டிருந்த மிசாயேலிடம், "வந்து பாருங்க" என்றாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். குனிந்து பார்த்தான்.

"எவன் உருட்டினது இது?"

"இங்க வேற எவன் கட்டிப்போட்டுக் கெடக்கான்?" என்றான் காம்போ.

மிசாயேல் நூலைத் தொடவில்லை. "ஊதினா பறந்துரும் போல இருக்கே" என்று எர்சிலியாவைப் பார்த்துச் சொன்னான். உலை, உப்பு, தண்ணியைத் தவிர வேறு ஒன்றைப் பற்றி அவளிடம் அவன் பேசியது, நானறிய, ஒன்றே முக்கால் வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மார்ச்சில் அவள் ஒரு பொம்மை செய்தாள். கடைக்கு அல்ல, சும்மா. ஒரு பெண், கையில் எதையோ ஏந்தியிருக்கிறாள், தலையில் முறுக்கிய கயிறு. நான் போனபோது மெழுகில் முடிந்திருந்தது. பழைய பொம்மையை வக்கீல் அறையில் பார்த்தவன் நான். இது அதற்குச் சமமா என்று சொல்ல எனக்கு விஷயம் தெரியாது. ஆனால் அவளுடைய பழைய வேலைகளோடு இதை வைத்தால் ஒரே வீட்டில் செய்ததாகத் தெரியாது.

காம்போ முக்காலியில் இருந்தபடி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது.

"மதினி, இத ஊத்தி எடுத்து, கோழிக்கூண்டுக்குக் கீழ ஒரு வருஷம் பொதைச்சு வெச்சா அந்த டாக்டரம்மாவே ஏமாந்து போகும்."

எர்சிலியா பலகையில் சிதறிய மெழுகைக் கூட்டி ஒதுக்கினாள்.

"சும்மா சொல்லல. எனக்கு ஆள் தெரியும். இந்தத் தடவை தோண்டினதும் இல்ல, திருடினதும் இல்ல. நம்ம பொருள். பழசுன்னு அவனா நெனைச்சா நாம என்ன பண்றது?"

மிசாயேல் ஜன்னலோரம் நின்று களிமண் பிசைந்துகொண்டிருந்தான். பிசைவதை நிறுத்தினான். தம்பியைத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதுவே ஆகட்டும் என்று நிற்பது போலிருந்தது.

எர்சிலியா பொம்மையை உள்ளங்கையில் படாமல் இரண்டு விரலால் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். ஊசியை எடுத்தாள். பின்பக்கத் தகட்டில் கீறத் தொடங்கினாள்.

"என்ன பண்றீங்க?"

"பேரு."

"யாரு பேரு?"

"என் பேரு."

"கெடுத்தீங்க. பேரு இருந்தா எவன் பழசுன்னு வாங்குவான்?"

"வாங்கமாட்டான்" என்றாள் அவள். எர்சிலியா என்று எழுதி முடித்தாள். ஊதித் துகளைத் தள்ளினாள். பிறகு அதன் கீழே இன்னும் கீறினாள்.

காம்போ கழுத்தை நீட்டினான். அவன் அதிகம் படித்தவனில்லை. எழுத்து எழுத்தாகத்தான் படிப்பான். படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இது என் பேரு."

"நூலு நீ உருட்டினதுதான."

அவன் காலை மடக்கப் பார்த்தான், வயர் இழுத்தது. மறுபடி நீட்டிக்கொண்டான். தனக்குத் தெரியும் என்று சொன்ன அந்த ஆளைப் பற்றி அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.

"காம்போன்னு மட்டும் போட்டா யாருன்னு தெரியும்?" என்றான். "இந்த மேட்டுல காம்போ நூறு பேரு இருக்கான். எலியாஸையும் போடுங்க."

"எடமில்ல. இது வெரல் நீளம்தான்."

"பொடி எழுத்தா போடுங்க."

"கண்ணு தெரியல எனக்கு."

"ஒரு எழுத்து விடாமப் போடுங்க மதினி."

மிசாயேல் களிமண் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைவிட்டு நகர்ந்து நின்றான், அவள் பலகையில் வெளிச்சம் விழட்டும் என்று.